மலைச் சாலையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: புதிதாக ஓட்டத் தொடங்குபவருக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியோ, வீட்டுப் பெரியவரிடமிருந்து பெற்றோ நீலகிரியில் ஓட்டத் தொடங்கும் ஒருவர், உரிமம் பெற்றுப் பல்லாண்டு ஆனவராக இருந்தாலும், அந்த வண்டியைப் பொறுத்தவரை புதியவரே. இன்றைய கார்களில் எஞ்சினின் சூட்டையும் பிரேக்கின் நிலையையும் டயரின் காற்றையும் கருவிகள் அளந்து, விளக்காகவும் ஒலியாகவும் அறிவித்துவிடுகின்றன. 1940-களில் செய்யப்பட்ட எம்.ஜி. வண்டியிலோ 1960-களின் டிரையம்ஃப் வண்டியிலோ அந்த வேலையை ஓட்டுபவரின் காதும் மூக்கும் உள்ளங்கையும் பாதமும் முதுகும்தான் செய்தாக வேண்டும். வண்டியிலிருந்து ஒலியும் அதிர்வும் வாடையும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் பெரும்பகுதி வண்டியின் இயல்பு. சிறுபகுதி மட்டுமே பழுதின் அறிகுறி. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பதே முதல் சில மாதங்களின் வேலை. அதைக் கற்காமல் குன்னூர் மலைப்பாதையில் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆவணங்களை முதலிலேயே பார்த்துவிடுங்கள். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 50 ஆண்டுகள் கடந்த, மூல வடிவம் மாறாத தனியார் வாகனத்தை ‘விண்டேஜ்’ வகையில் பதிவு செய்யலாம். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். அவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு எடுக்க அனுமதி இல்லை. எனவே உங்கள் வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதிசெய்துகொண்ட பின்னரே கீழே சொல்லப்படும் பயிற்சிகளுக்குத் திட்டமிடுங்கள். வெளி மாவட்டத்திலிருந்து நீலகிரிக்கு வருபவர்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸும் (இணையவழி நுழைவு அனுமதி) தேவைப்படுகிறது.

நின்ற வண்டியில் ஒரு மாலை

எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், ஒரு மாலைப் பொழுதை நின்ற வண்டியிலேயே செலவிடுங்கள். மிதிகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருப்பதைப் பாதம் உடனே உணரும். தடித்த அடிப்பகுதியுள்ள இன்றைய காலணி பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒருசேர அழுத்திவிடும் என்பதால், மெல்லிய அடியும் குறுகிய முனையும் கொண்ட காலணியை இந்த வண்டிக்கென்றே ஒதுக்கிவையுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சில வண்டிகளில் ஆக்சிலேட்டர் நடுவிலும் பிரேக் வலப்புறத்திலும் இருக்கும். அத்தகைய வண்டி என்றால், கால் தானாகவே சரியான மிதிக்குப் போகும்வரை, நின்ற இடத்திலேயே நாள்தோறும் பழக வேண்டும். அவசரத்தில் கால் பழைய பழக்கத்துக்கே திரும்பும்.

கண்ணுக்கும் புதுப் பழக்கம் தேவை. 1945 முதல் 1949 வரை தயாரான எம்.ஜி. டி.சி. வண்டியில் ஓட்டுநரின் நேர் எதிரே எஞ்சின் சுழற்சி காட்டும் மானியும், பக்கத்து இருக்கைக்கு எதிரே வேகமானியும் உள்ளன. வேகத்தைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருப்பதால், எந்த கியரில் எத்தனை சுழற்சிக்கு என்ன வேகம் என்பதைக் காதால் அறிந்துகொள்வதே நடைமுறைக்கு உகந்தது. அதே வண்டியின் ஹேண்ட் பிரேக் இன்றைய முறைக்கு நேர்மாறானது: பொத்தானை அழுத்தினால்தான் பூட்டிக்கொள்ளும், நெம்புகோலைச் சற்று இழுத்தாலே விடுபட்டுவிடும். பக்கத்தில் அமர்ந்த குழந்தை விளையாட்டாக இழுத்தால் சரிவில் நிற்கும் வண்டி நகரத் தொடங்கிவிடும். ஆகவே, எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பதை விதியாகவே கொள்ளுங்கள். இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

இறங்கிச் சக்கரங்களையும் பாருங்கள். கம்பிச் சக்கரம் என்றால், ஒவ்வொரு கம்பியையும் சிறு ஸ்பேனரால் மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். இத்தகைய வண்டிகள் குறைவாகவே ஓடுவதால் டயரின் பள்ளங்கள் தேயாமல் இருக்கும், ஆனால் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். கெட்டிப்பட்ட டயர் நனைந்த வளைவில் எந்த முன்னறிவிப்பும் தராமல் வழுக்கும். மூல அழகைக் காப்பதற்காகப் பழைய டயரை வைத்திருப்பவர்களை நான் அறிவேன். மலைக்கு அது பொருந்தாது.

சாவியைத் திருப்பியது முதல்

பல பிரிட்டிஷ் வண்டிகளில் எஸ்.யூ. நிறுவனத்தின் மின்சாரப் பெட்ரோல் பம்பு பொருத்தப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் அது ‘டிக் டிக்’ என்று விரைவாக அடித்து, கார்புரேட்டரின் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) மிதவை அறை நிரம்பியதும் நிதானமாகி, ஏறக்குறைய நின்றுவிடும். இந்த ஒலியை நாள்தோறும் கேளுங்கள், ஏனெனில் வண்டி தரும் முதல் செய்தி இதுவே. நிதானப்படாமல் விரைவாக அடித்துக்கொண்டே இருந்தால், டாங்கியில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது, அல்லது மிதவை சிக்கிக்கொண்டு பெட்ரோல் வழிகிறது என்று பொருள். அப்போது ஸ்டார்ட்டரைத் தொடாமல் சாவியை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து மூக்கால் சோதியுங்கள்.

பழைய வண்டி என்றால் உள்ளே பெட்ரோல் வாடை இருக்கத்தான் செய்யும் என்று பலர் சொல்வார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். குளிர்ந்த காலையில் சோக் இழுத்துக் கிளப்பும்போது ஒரு நிமிடம் வாடை வரலாம். அதற்குப் பின்னும் இருக்கைக்கு வரும் வாடை எப்போதுமே பழுதுதான். இன்று பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் சில வகைச் சீல்களையும் அது மெல்ல மென்மையாக்கிப் பிளக்கச் செய்யும். நெடுநாள் நிற்கும் வண்டியில் ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை முழுமையாக மாற்றிக்கொள்ளுங்கள். தீயணைப்பான் ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துங்கள்.

ஊட்டியில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி காலைகளில் எஞ்சின் ஆயில் கெட்டியாக இருக்கும். அப்போது ஆயில் அழுத்தமானியின் முள் மிக உயரத்தில் நிற்பதும், கியர் நெம்புகோல் மெழுகில் நகர்வதாகத் தோன்றுவதும் இயல்பு. சூடானதும் முள் இறங்கி, பல நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் ஓட்டத்தின்போது சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 பவுண்டு அளவில் நிலைகொள்ளும். டாப்பட் சத்தமும் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் பாகங்களின் சலசலப்பு) இயல்பானதே. இங்கே புதியவர் எளிதில் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு: 2000-ஆம் ஆண்டுக்குப் பின் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது, கடினப்படுத்தப்பட்ட வால்வு இருக்கைகள் பொருத்தப்படாத பழைய எஞ்சின்களில் அந்த இருக்கைகள் தேய்ந்து உள்வாங்கும், அப்போது டாப்பட் இடைவெளி குறைவதால் சத்தமும் குறையும். ஆகவே, வழக்கமாகச் சலசலக்கும் எஞ்சின் சில மாதங்களில் தானாக அமைதியானால் மகிழாமல், இடைவெளியை அளந்து பாருங்கள்.

முதல் ஓட்டம்

முதல் ஓட்டத்துக்கு மலைப்பாதை வேண்டாம். வார நாளின் காலையில், சுற்றுலா வண்டிகள் கிளம்பும் முன், ஊட்டியிலிருந்து தலைகுந்தா வழியாகப் பைக்காரா செல்லும் சாலையே பொருத்தமானது என்பது என் கருத்து. அகலமான சாலை, மென்மையான ஏற்ற இறக்கங்கள், எதிரே வரும் வண்டி தொலைவிலேயே தெரியும் இடங்கள் நிறைய உண்டு. தலைகுந்தாவில் வலப்புறம் பிரிந்து மசினகுடி நோக்கி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அதை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடியுங்கள். நின்ற நிலையில் அது மிகக் கனமாக இருக்கும்; வண்டி நகர்ந்ததும் இலகுவாகும். எனவே நின்றபடி சக்கரத்தைத் திருப்பாமல், மெல்ல உருளவிட்டுத் திருப்பப் பழகுங்கள். எம்.ஜி. டி.சி. போன்ற வண்டிகளில் ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பியும் சக்கரம் திரும்பாத ஓர் இடைவெளி இருக்கும். நேர்ச்சாலையில் வண்டி சற்றே அலைவதாகத் தோன்றும். அந்த அலைச்சலைத் திருத்த முயன்று இடமும் வலமுமாக இழுப்பவர்தான் உண்மையில் வண்டியை அலைக்கழிக்கிறார். கையைத் தளர்த்தினால் பெரும்பாலும் அது தானாக நேராகும். பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங் கையை உதைப்பதும் இயல்பே. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தொடங்கி, வேகம் மாறினால் மறையும் நடுக்கம் சக்கரச் சமநிலையின் குறை. நகரத் தொடங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஒவ்வொரு முறை ‘டிக்’ என்று கேட்டால், கம்பிச் சக்கரத்தின் மைய நட்டு தளர்ந்திருக்கலாம், அல்லது உட்பற்கள் தேய்ந்திருக்கலாம். உடனே நிறுத்திப் பாருங்கள்.

கியர் மாற்றுவதில் காதே ஆசான். 1962-இல் வந்த எம்.ஜி.பி. வண்டியில்கூட 1967 வரை முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் சேர, பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. கீழ் கியருக்கு வரும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒருமுறை அழுத்தி எஞ்சின் சுழற்சியை உயர்த்தி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கீழ் கியரில் போட வேண்டும். நம் ஊர் லாரி ஓட்டுநர்கள் ஒரு காலத்தில் நாள் முழுதும் செய்த ‘டபுள் கிளட்ச்’ இதுதான். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை எண்ணால் சொல்ல முடியாது. சரியாக அமைந்தால் நெம்புகோல் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே செல்லும். அமையாவிட்டால் பற்கள் உரசும் ஒலி எழும். உரசினால் அழுத்தித் தள்ளாமல் நியூட்ரலுக்குத் திரும்பி, முதலிலிருந்து செய்யுங்கள். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் எழும் ஊளை பற்களின் நேர்வெட்டால் வருவது. அதற்காக மெக்கானிக்கைத் தேட வேண்டியதில்லை.

திறந்த வண்டியில் 50 கிலோமீட்டர் வேகமே மிக அதிகமாகத் தோன்றும். காற்றும் ஒலியும் தரையின் நெருக்கமும் அப்படி உணரச்செய்கின்றன. அந்த உணர்வுக்கு மதிப்புக் கொடுங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியுங்கள். மலையின் வாடைகளையும் இந்த ஓட்டத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. கற்பூர மரக் (யூகலிப்டஸ்) காடு, தைலம் காய்ச்சும் இடத்தின் புகை, தேயிலைத் தொழிற்சாலையில் வாடும் இலையின் மணம், தோட்டங்களில் இட்ட எரு ஆகிய எல்லாம் திறந்த வண்டிக்குள் நேராக வரும். இவற்றை அறிந்த மூக்குக்குத்தான், இவற்றில் சேராத ஒன்று வரும்போது உடனே தெரியும்: இனிப்பான நெடி என்றால் ரேடியேட்டரின் கூலன்ட் கசிகிறது, ரப்பர் கருகும் கார நெடி என்றால் மின்கம்பி சூடாகிறது. இரண்டாவது நெடிக்கு அரை நிமிடமும் காத்திராமல் வண்டியை ஓரங்கட்டி பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பல பழைய வண்டிகளில் ஒன்றிரண்டு ஃபியூஸ்கள் மட்டுமே உண்டு. பல சுற்றுகளுக்குப் பாதுகாப்பே கிடையாது.

ஏற்றம்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்திலும், குன்னூர் 1,850 மீட்டர் உயரத்திலும், ஊட்டி 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஊட்டியில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சின் இழுவையும் அதே அளவில் குறையும். 54 குதிரைத்திறன் கொண்ட ஓர் எஞ்சின் அங்கே ஏறக்குறைய 43 குதிரைத்திறனே தரும். ஆகவே வண்டி இழுக்கவில்லை என்ற உணர்வு மட்டுமே பழுதுக்குச் சான்றாகாது.

ஏற்றத்தில் கேட்க வேண்டிய ஒலி ஒன்று உண்டு. உயர் கியரில் குறைந்த சுழற்சியில் ஆக்சிலேட்டரை ஆழமாக அழுத்தினால், தகர டப்பாவில் சிறுகற்களைப் போட்டுக் குலுக்கியதுபோன்ற மெல்லிய கலகலப்பு எழும்; மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது இதுவே. பாறைச் சுவரை ஒட்டிச் செல்லும்போது ஒலி எதிரொலித்துத் தெளிவாகக் கேட்கும், பள்ளத்தின் பக்கம் செல்லும்போது கரைந்துவிடும். எனவே சுவரோரம் செல்லும் நேரங்களில் கவனமாகக் கேளுங்கள். கேட்டதும் காலை எடுத்து ஒரு கியர் இறங்குங்கள். கீழ் கியரில் எஞ்சின் இரைவது அதற்குத் தீங்கு செய்யாது. உயர் கியரில் திணறுவதுதான் பிஸ்டனைக் கெடுக்கும். இறங்கிய பின்னும் கலகலப்பு நீடித்தால் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி எழும் நேரம், முந்தியிருக்கிறது.

வெப்பமானி ஃபாரன்ஹீட் அளவில் இருந்தால், நீர் 212-இல் கொதிக்கும் என்ற நினைவோடு ஓட்டுபவர் மலையில் ஏமாறுவார். ஊட்டி உயரத்தில் நீர் ஏறக்குறைய 199-இலேயே, அதாவது 93 செல்சியசுக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். அழுத்த மூடி இல்லாத பழைய ரேடியேட்டர்களில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது. முள் 190-ஐ நெருங்கும்போதே அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள்.

பர்லியாரில் தேநீர் குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பும்போது வண்டி கிளம்பாமல் போவது அடிக்கடி நடப்பது. ஓடும்போது காற்று தணித்துவந்த சூடு, நின்றதும் பானெட்டுக்குள் தேங்கி, கார்புரேட்டரிலும் குழாயிலும் உள்ள பெட்ரோலைக் கொதிக்கவைக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலையும் குறைகிறது. நம் ஊரில் ‘ஏர் லாக்’ என்பார்கள். பானெட்டைத் திறந்து கால் மணி நேரத்துக்கு மேல் ஆறவிடுங்கள், சோக்கைத் தொடாதீர்கள், ஆக்சிலேட்டரைப் பலமுறை மிதிப்பதும் வேண்டாம். பெரும்பாலான எஸ்.யூ. கார்புரேட்டர்களில் மிதிக்கும்போது பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பே கிடையாது. ஆறிய பின் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், கூடுதலாகச் சேர்ந்த ஆவி வெளியேறி எஞ்சின் பற்றிக்கொள்ளும்.

கொண்டை ஊசி வளைவில் அரசுப் பேருந்து இறங்கி வந்தால், மேலே ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்ற விதி உங்கள் பக்கம் இருந்தாலும், வளைவுக்கு முன்பே நின்று அதற்கு வழி விடுங்கள். பேருந்துக்கு வளைவின் முழு அகலமும் தேவை. தாழ்ந்த உங்கள் வண்டி அதன் முகப்புக்கு மிக அருகில் வந்துவிட்டால் ஓட்டுநரின் பார்வையிலிருந்தே மறைந்துவிடும்.

இறக்கம்

இறக்கமே உண்மையான தேர்வு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 35 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் வண்டி 1,500 மீட்டர் இறங்குகிறது. அந்த ஆற்றல் அனைத்தும் எஞ்சினுக்கோ, சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளையான பிரேக் டிரம்முக்கோ போய்ச் சேர வேண்டும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், அதையும் சரிவு தொடங்குவதற்கு முன்பே தேர்ந்தெடுங்கள். சிங்க்ரோமெஷ் இல்லாத வண்டி வேகம் பிடித்துவிட்டால், நியூட்ரலிலிருந்து கீழ் கியருக்குத் திரும்ப முடியாமல் போகலாம். தேய்ந்த கியர்ப்பெட்டி உள்ள வண்டிகளில், எஞ்சின் வண்டியைத் தடுத்துப் பிடிக்கும்போது கியர் தானாக நழுவி வெளியே வரும். வருவதற்கு முன் நெம்புகோல் உள்ளங்கையில் துடிக்கும். சரிவில் அந்தத் துடிப்பை உணர்ந்தால் நெம்புகோலைக் கையால் தாங்கிப் பிடித்தபடியே இறங்கி, ஊர் சேர்ந்ததும் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்ததும் சைலன்சர் படபடப்பது, நீண்ட இறக்கத்தின் முடிவில் மீண்டும் அழுத்தும்போது ஒருமுறை நீலப்புகை வருவது ஆகிய இரண்டும் இத்தகைய எஞ்சின்களில் பெரிதும் காணப்படுபவை.

பிரேக்கை நெடுநேரம் மெல்ல அழுத்திக்கொண்டே வராதீர்கள். சில நொடிகள் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிரம் ஆறும். உதவி விசை இல்லாத பிரேக் என்பதால் தொடை முழுவதும் உழைக்க வேண்டியிருக்கும், அது இயல்பு. மாறுதல் எப்படி வருகிறது என்பதைப் பாதம் மூன்று விதமாக உணரும். மிதி வழக்கத்தைவிட ஆழம் சென்று, இரண்டாம் முறை மிதித்தால் மேலே வந்தால், டிரம் சூட்டில் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கிலிருந்து விலகியிருக்கிறது. மிதி கல்லாக இறுகியிருந்தும் வண்டி நிற்க மறுத்தால், லைனிங் சூடேறிப் பிடிமானத்தை இழந்திருக்கிறது. மிதி பஞ்சாக அமுங்கினால் பிரேக் திரவமே கொதித்து, குழாயில் ஆவிக்குமிழ் சேர்ந்திருக்கிறது. மூன்றிலும் இதுவே மிகக் கொடியது. டாட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பின் 155 வரை இறங்கிவிடும். நீலகிரியின் ஈரக்காற்றில் ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவதை நான் கட்டாயமாகவே கருதுகிறேன்.

இவற்றில் எது தென்பட்டாலும் கியரின் துணையால் வேகத்தைக் குறைத்து, அகலமான இடத்தில் நிறுத்துங்கள். டிரம் சூடாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துவைக்காமல் முட்டுக்கட்டை போடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். 1960-களின் பிற்பகுதிக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்றுதான். ஓரிடத்தில் ஒழுகினால் கால் பிரேக் முழுதும் போய்விடும். இறங்கத் தொடங்கும் முன் நின்ற இடத்தில் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்; அது மெல்ல மெல்லக் கீழே அமிழ்ந்தால் அன்று இறங்கவே வேண்டாம்.

பிரேக் கருகும் நெடி வந்தால், அது முன்னால் செல்லும் லாரியுடையதா, உங்களுடையதா என்பதை அறிய வேண்டும். லாரியை முன்னே போகவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையை நீட்டிப் பாருங்கள். நான்கிலும் ஒரே அளவு சூடு இருந்தால் ஆறவிட்டுத் தொடரலாம். ஒன்று மட்டும் மிகுதியாகச் சுட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கும், அதன் உறவு வண்டியும் சென்னையில் 1961 முதல் தயாரானதுமான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் தனியாக ஒன்று. பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் அமைந்திருப்பதால், வளைவின் நடுவில் திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக் பிடித்தாலோ வண்டியின் பின்பகுதி உயர்ந்து, வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கி, வால் வழுக்கும். இருக்கையின் அடியில் பின்பகுதி தூக்குவது முதுகெலும்பில் தெரியும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து முடித்து, வளைவு முழுவதும் ஆக்சிலேட்டரை மிக மெல்லியதாகவும் சீராகவும் வைத்திருப்பதே இதற்குரிய முறை.

மஞ்சும் மாலையும்

தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்குச் சரிவையும், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தையும் அதிகம் நனைக்கும். இரண்டிலும் மஞ்சு இறங்கும். டைனமோ பொருத்திய வண்டி மெல்ல ஊர்ந்து செல்லும்போது மின்சாரம் உற்பத்தி செய்யாது. ஆகவே எஞ்சின் வேகம் குறைந்த நிலையில், பாட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிவது இயல்பு. வேகத்திலும் எரிந்தால் பழுது. முகப்பு விளக்கும் வைப்பரும் ஓட, மஞ்சில் கீழ் கியரில் ஊர்ந்தால், ஆம்பியர் முள் எதிர்ப்பக்கம் சாய்ந்து பாட்டரி கரைந்துகொண்டே வரும். ஒரு கியர் குறைத்து எஞ்சின் சுழற்சியை உயர்த்திக்கொள்ளுங்கள்.

பின்விளக்குகள் சிறியவை, மங்கலானவை. பின்னால் வருபவர் இன்றைய காரின் பிரேக்கை நம்பி நெருங்கி வருவார். எல்.இ.டி. பல்பு பொருத்துவதை மூல வடிவத்தின் மீதான பற்றால் மறுக்க வேண்டாம். ஆனால் பல பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். அதற்கேற்ற பல்பையே கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் எரியாது. மாலை மங்கிய பிறகு காட்டெருமைகள் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சத்தமின்றிச் சாலைக்கு வருகின்றன. கரிய உடல் மங்கலான விளக்கில் மிக அருகில் வந்த பின்னரே தெரியும். முதல் ஆண்டில் இருட்டுவதற்குள் வீடு திரும்புங்கள்.

நிறுத்திய பிறகு

எஞ்சினை அணைத்ததும் சைலன்சரிலிருந்து வரும் ‘டிங் டிங்’ ஒலி உலோகம் சுருங்குவதால் எழுவது. ரேடியேட்டருக்குள் குமிழியிடும் ஒலி கேட்டால் மூடியைத் திறக்காமல் முழுதாக ஆறவிடுங்கள். வண்டியின் அடியில் அட்டை ஒன்றை விரித்துவைத்து, மறுநாள் காலை கறைகளைப் பாருங்கள். சில துளி எஞ்சின் ஆயில் பொறுத்துக்கொள்ளத்தக்கது. கந்தக நெடியுள்ள தடித்த ஆயில் கியர்ப்பெட்டியினுடையதோ பின் அச்சினுடையதோ ஆகும். சக்கரத்தின் உட்பக்கம் ஈரம் தெரிந்தால், பிரேக் திரவமா என்று பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் செல்லும்போது உங்கள் முடிவைச் சொல்லாமல், உணர்ந்ததைச் சொல்லுங்கள்: எந்த கியரில், எந்த வேகத்தில், ஏற்றத்திலா இறக்கத்திலா, சூடான பிறகா குளிர்ந்தபோதா. அம்பாசடர் காலத்தில் தொழில் கற்றவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரைத் தேடிச் செல்லுங்கள். அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1,489 சி.சி. எஞ்சினும் 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. வண்டியின் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்து எஞ்சின் எப்படி ஒலிக்க வேண்டும் என்பது அவருடைய காதுக்குத் தெரியும்.

கார்புரேட்டரின் மிக்சரை, அதாவது காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தை, பற்றி ஒரு குறிப்பு. சமவெளியில் சரிசெய்யப்பட்ட வண்டி ஊட்டியில் பெட்ரோல் மிகுந்து ஓடும். எத்தனால் கலந்த பெட்ரோல் அதற்கு நேர்மாறாக மிக்சரை மெலிவாக்கும் (காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த நிலை). மலையில் இவை ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்கின்றன. ஊட்டியில் சரிசெய்த வண்டியைக் கோயம்புத்தூருக்கு இறக்கினால் மெலிவு கூடும்; எஞ்சின் அதிகம் சூடாகும், நாக்கிங் வரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: காப்பிப் பொடி நிறம் சரியானது, கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் மெலிவு. எஸ்.யூ. கார்புரேட்டரின் அடியிலுள்ள அறுபக்க நட்டை ஒவ்வொரு முறையும் அதன் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவு மட்டும் (ஆறில் ஒரு சுற்று) திருப்பி, சில கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் பிளக்கைப் பார்த்த பின்னரே அடுத்த பக்க அளவு திருப்புங்கள். இரட்டைக் கார்புரேட்டர் என்றால் இரண்டையும் ஒரே அளவு திருப்ப வேண்டும்.